கிழங்கு வெளியே வராத பரோந்தா: பஞ்சாப் சமையலறையில் கற்றது

போன மாத வட்டாரக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மேடம், நீங்க பஞ்சாப் போய் வந்தவங்கதானே, அந்த உருளைக்கிழங்கு சப்பாத்தி எப்படிச் செய்றது? நான் செஞ்சா கிழங்கெல்லாம் கல்லுல ஒட்டிக்குது, மாவு தனியா வருது." கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் 'எனக்கும் அதே கதைதான்' என்று தலையாட்டினாங்க. அப்போது நேரம் இல்லை, கடன் தவணைக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்ம ஊரில் பரோட்டா என்றால் மைதாவை வீசி, சுருட்டி, அடுக்கு அடுக்காகப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைப்பது. பஞ்சாபில் வீட்டில் செய்வது அதுவல்ல. அங்கே கோதுமை மாவு. அதுவும் தவிடு நீக்காத முழுக் கோதுமை. அவர்கள் வாயில் அது 'பரோந்தா'. உருளைக்கிழங்கு வைத்தது 'ஆலூ தா பரோந்தா'. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது காரப் போளி. போளிக்குள் கடலைப்பருப்புப் பூரணம் வைப்பது போல இதற்குள் கிழங்குப் பூரணம். போளி செய்யத் தெரிந்த கைக்கு இது பாதி வந்த மாதிரிதான்.

2014 ஜனவரியில் மூன்று வாரப் பயிற்சிக்காக ஜலந்தர் போயிருந்தேன். அதில் ஒரு வாரம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கினேன். அந்தக் குளிரை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். காலையில் பத்து மணி வரை பனிமூட்டம், எதிர்வீடு தெரியாது. அந்த வீட்டுப் பெரியம்மாவை எல்லாரும் 'பீஜி' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மருமகளை 'பாபி' என்பேன், அண்ணி மாதிரி. எனக்கு அரைகுறை ஹிந்தி, பாபிக்கு ஹிந்தி வரும், பீஜிக்குப் பஞ்சாபி மட்டும். சமையலறையில் பாஷை பெரிய தடையாக இல்லை. தப்பாகச் செய்தால் பீஜி கையில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான்.

ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர் பக்கம் எங்கே பார்த்தாலும் கிழங்கு வயல். பஞ்சாப் என்றாலே கோதுமை என்று நினைத்துப் போன எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பகுதியை 'தோவாபா' என்கிறார்கள், இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற நிலம் என்று அர்த்தம். பியாஸும் சட்லெஜும் அந்த இரண்டு ஆறுகள். இங்கே விளைவதில் பெரும்பகுதி விதைக்கிழங்கு. மேற்கு வங்காளம், பீகார், உத்தரப்பிரதேசம் எல்லாம் இங்கிருந்து விதை வாங்குகின்றன. குளிர்காலத்தில் செடியைத் தாக்கும் அசுவினிப் பூச்சி குறைவு, அதனால் நோய் பரவாத விதை கிடைக்கிறது. அதுதான் காரணம். விளைச்சல் கூடி விலை சரிந்த வருஷங்களில் இதே விவசாயிகள் கிழங்கை ரோட்டில் கொட்டிவிட்டுப் போனதும் உண்டு. அந்த வீட்டுக்காரரும் அப்படி ஒரு வருஷத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை.

கிழங்கு பஞ்சாபுக்குப் பழைய சொத்தும் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியர் மூலமாக நம் நாட்டின் மேற்குக் கரைக்கு வந்து, அப்புறம் மெல்ல வடக்கே பரவியது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-இல் பாட்னாவில் தொடங்கி, 1956-இல் சிம்லாவுக்கு மாறியது. 'குஃப்ரி' என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. குஃப்ரி என்பது சிம்லா பக்கத்தில் ஓர் ஊர்.

இப்போது வேலைக்கு வருவோம்.

கிழங்கு

நம் அக்காவுக்குக் கிழங்கு ஏன் வெளியே வந்தது? மூன்றில் ஒரு காரணமாக இருக்கும். பூரணம் ஈரமாக இருந்திருக்கும், அல்லது சூடாக இருந்திருக்கும், அல்லது கட்டி கட்டியாக இருந்திருக்கும். நான் முதல் நாள் செய்தபோது மூன்றுமே இருந்தது!

கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைக்க வேண்டும். வெட்டிப் போட்டால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். குக்கரில் வைத்தால் தோல் வெடிக்கிற வரை விடாதீங்க. கத்தி நுனி சிக்காமல் உள்ளே போனால் போதும். உடனே தண்ணீரை வடித்து, தட்டில் பரப்பி ஆறவிடணும். பீஜி வீட்டில் முந்தின நாள் ராத்திரியே வேகவைத்து வைத்துவிடுவார்கள். காலையில் அது நல்லா இறுகி இருக்கும். ஆறின கிழங்கில் மாவுச்சத்து கெட்டிப்படும், ஈரமும் ஆவியாகிப் போயிருக்கும். சூட்டோடு மசித்தால் பசை மாதிரி இழுக்கும். அதிலிருந்து வரும் ஆவி, மேல் மாவை உள்ளேயிருந்தே நனைத்துக் கிழித்துவிடும். (நம் ஊரில் முந்தின நாள் ராத்திரி வேகவைத்தால் தோலோடு ஃபிரிட்ஜில் வைக்கணும். அங்கே ஜனவரியில் வீடு முழுக்கவே ஃபிரிட்ஜ்தான்.)

அப்புறம் மசிப்பது. கையால் பிசைந்தால் எப்படியும் நாலு கட்டி மிஞ்சும். கட்டைக்கு அடியில் அந்தக் கட்டி வந்தால் மாவில் ஓட்டைதான். பாபி தேங்காய் துருவுகிற மாதிரி, கேரட் துருவியில் துருவிவிடுவார். நான் கற்றுக்கொண்டதிலேயே உபயோகமான விஷயம் இதுதான்.

எந்தக் கிழங்கு என்று கேட்பீங்க. புதுக் கிழங்கில் தண்ணீர் அதிகம், பழைய கிழங்கு மாவாக இருக்கும், அதுதான் நல்லது. ஆனால் குளிர்பதனக் கிடங்கிலிருந்து நேராக வருவதில் ஒரு சிக்கல். ரொம்பக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக் கிழங்கு இனிக்கும். வாங்கி ஒன்றிரண்டு வாரம் வெளியே காற்றோட்டமாக வைத்தால் இனிப்பு ஓரளவு குறையும். பச்சை படிந்தது, முளை விட்டது வேண்டாம். பச்சை நிறம் வந்த இடத்தில் நஞ்சு சேரும், வேகவைத்தாலும் போகாது. கால் கிலோ மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரவழைக்காதீங்க.

உப்பு விஷயம்

பூரணத்தில் என்னென்ன போடுவார்கள்? பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லித் தழை, வறுத்து நுணுக்கிய சீரகம், ஒன்றிரண்டாக இடித்த மல்லி விதை, கொஞ்சம் ஓமம், கொஞ்சம் மிளகாய்த்தூள். புளிப்புக்கு அனார்தானா, அதாவது காய வைத்த மாதுளை விதை. இல்லாவிட்டால் ஆம்சூர், காய்ந்த மாங்காய்த்தூள். எலுமிச்சைச் சாறு பிழியலாமா என்று கேட்டேன். பீஜி என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் கிடைத்தது. ஈரம் சேர்க்கும் எதுவும் கூடாது. வெங்காயம் சில வீட்டில் போடுவார்கள், சில வீட்டில் கிடையாது. போட்டால் ரொம்பப் பொடியாக நறுக்கி, துணியில் பிழிந்துவிட்டுப் போடணும்.

இவ்வளவும் கலந்த பிறகும் உப்பு போடக் கூடாது. உருட்டப் போகிற நிமிஷத்தில்தான் உப்பு. முன்னாடியே போட்டால் வெங்காயமும் தழையும் தண்ணீர் விட்டு, அரைமணி நேரத்தில் பூரணம் தளர்ந்துவிடும். நான் ஊருக்கு வந்து எங்க அம்மாவுக்குச் செய்து காட்டிய அன்று இதை மறந்தேன். வந்தது பரோந்தா இல்லை, கிழங்கு உப்புமா. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஸ்பூன் எடுத்து வந்தாங்க.

மாவு

கால் கிலோ கோதுமை மாவுக்கு, வேகவைத்த கிழங்கு 400 கிராம். இதில் ஆறு பரோந்தா வரும். தண்ணீர் 150 முதல் 175 மில்லி வரை பிடிக்கும். கல் மில்லில் அரைத்த மாவு கொஞ்சம் கூடவே குடிக்கும். ஒரே தடவையில் ஊற்றாமல் கை வைத்துப் பார்த்துப் பார்த்து ஊற்றணும். சப்பாத்திக்குப் பிசைவதைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும். பிசைந்ததும் ஈரத்துணி போட்டு அரைமணி மூடி வையுங்க. இது சும்மா இல்லை. கோதுமையில் ரப்பர் மாதிரி இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. பிசைந்தவுடன் அது முறுக்கிக்கொண்டு நிற்கும், திரட்டினால் சுருங்கும். ஓய்வு கொடுத்தால் தளர்ந்து நாம் சொன்னபடி கேட்கும்.

பீஜி ஒவ்வொரு நாளும் செய்த ஒரு சோதனை உண்டு. ஒரு கையில் மாவு உருண்டை, ஒரு கையில் பூரண உருண்டை, இரண்டையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கணும். மாவு கெட்டி, பூரணம் இளக்கம் என்றால் திரட்டும்போது பூரணம் ஒரு பக்கமாக ஓடி ஓரத்தைக் கிழிக்கும். மாவு இளக்கம், பூரணம் கெட்டி என்றால் நடுவில் பொத்துக்கொள்ளும். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

உருட்டுவதும் திரட்டுவதும்

மாவு உருண்டை பெரிய எலுமிச்சை அளவு. பூரணமும் அதே அளவு. கை பழகினவர்கள் பூரணத்தைக் கூடவே வைப்பார்கள். மாவை உள்ளங்கை அளவு வட்டமாகத் தட்டணும். ஓரம் மெல்லிசாகவும் நடு தடிமனாகவும் இருக்கட்டும், ஏனென்றால் ஓரமெல்லாம் மேலே ஒன்றுசேரப் போகிறது. பூரணத்தை நடுவில் வைத்து, கொழுக்கட்டைக்கு மடிப்பு எடுக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி மடித்து முடியணும். உள்ளே காற்று நிற்கக் கூடாது. உச்சியில் குடுமி மாதிரி மாவு மிஞ்சும். நான் அதை அப்படியே அமுக்கினேன். பாபி கிள்ளி எடுத்துவிட்டார். அதை விட்டால் நடுவில் ஒரு இடம் மட்டும் வேகாமல் தடியாக இருக்கும்.

பிறகு காய்ந்த மாவில் புரட்டி, குடுமி இருந்த பக்கம் கீழே வைத்து, முதலில் விரல் நுனியால் சுற்றி அமுக்கணும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூரணத்தைத் தள்ளுவது விரலின் வேலை, கட்டையின் வேலை இல்லை. அப்புறம்தான் பூரிக்கட்டை. ஓரத்தில் மட்டும், பாரம் கொடுக்காமல், வட்டத்தைத் திருப்பித் திருப்பி. நாம் சப்பாத்தி திரட்டுகிற வேகத்தில் நடுவில் அழுத்தினால் போச்சு. கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான தடிமனில் நிறுத்திவிடலாம்.

உருட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. மெல்லிசாக இரண்டு சப்பாத்தி திரட்டி, ஒன்றின் மேல் பூரணத்தைப் பரப்பி, இன்னொன்றால் மூடி, ஓரத்தை அமுக்கிவிடுவது. பஞ்சாபில் புது மருமகள்களும் இப்படித்தான் தொடங்குகிறார்களாம். பீஜி முன்னால் செய்ய மாட்டார்களாம், அது வேற.

கல் நன்றாகக் காய்ந்திருக்கணும். தீ மிதத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் பக்கம் நிறம் மாறினதும் திருப்பணும், அப்போது எண்ணெய் வேண்டாம். இரண்டாம் பக்கம் புள்ளி விழுந்த பிறகு மேலே ஒரு டீஸ்பூன் நெய், திருப்பி இந்தப் பக்கமும் ஒரு டீஸ்பூன். துணியாலோ கரண்டியாலோ ஓரத்தை அமுக்கிவிட்டால் உள்ளே ஆவி ஓடிப் பரோந்தா உப்பும். அடுப்பைச் சிம்மில் வைத்துப் 'பத்திரமாக' செய்தால் ஈரமெல்லாம் காய்ந்து அப்பளம் மாதிரி விறைக்கும். இது எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாரா வாரம் கொண்டுவருகிற பரோந்தா, பெயர் சொல்ல மாட்டேன்.

சாப்பிடுவது

மேலே ஒரு உருண்டை வெள்ளை வெண்ணெய். அங்கே அது 'மக்கன்'. மண்பானையில் தயிரை மத்தால் கடைந்து எடுப்பது. அந்தப் பானைக்குப் பெயர் 'சாட்டி', நம்ம சட்டி மாதிரியே காதில் விழுந்தது. கடைந்து மிஞ்சிய மோர்தான் லஸ்ஸி. ஓட்டலில் சர்க்கரை போட்டுத் தரும் கெட்டி லஸ்ஸியை வீட்டில் தினமும் யாரும் குடிப்பதில்லை. கூடவே தயிர், மாங்காய் ஊறுகாய். குளிர்காலத்தில் காலிஃபிளவர், கேரட், டர்னிப் மூன்றும் வெல்லத்தோடு போட்ட ஒரு இனிப்புப் புளிப்பு ஊறுகாய். அதற்கு மட்டுமே இன்னொரு கட்டுரை எழுதலாம்.

சுட்டதைத் தட்டில் அடுக்க மாட்டார்கள். 'போணா' என்கிற பருத்தித் துணியில் சுற்றி, நாணலில் பின்னிய கூடையில் வைப்பார்கள். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும், பரோந்தா நமத்துப்போகாது. எவர்சில்வர் டப்பாவில் சூட்டோடு மூடினால் அடியில் இருப்பது ஈரமாகிவிடும். வயலுக்குப் போன ஆண்களுக்குத் துணியில் கட்டித் தலையில் வைத்துப் பெண்கள் கொண்டு போகிற சாப்பாட்டுக்குப் 'பத்தா' என்று பெயர். நம்ம ஊர்க் கஞ்சிக் கலயம் மாதிரி.

ஒரு விஷயம் சொல்லணும். நெய்யோடு கணக்குப் பார்த்தால் ஒரு பரோந்தா 250 முதல் 300 கலோரி வரும், மேலே வைக்கிற வெண்ணெய் தனி. பனியில் வயலில் நிற்பவர்களின் சாப்பாடு இது. நம்மில் சர்க்கரை இருக்கிறவங்க ஒன்றோடு நிறுத்தி, தயிர் கூட வைத்துக்கொள்ளுங்க. பூரணத்தில் கிழங்கைப் பாதியாக்கி, துருவிப் பிழிந்த முள்ளங்கியோ காலிஃபிளவரோ வைக்கலாம். அவை அங்கேயும் அன்றாடம் செய்பவைதான்.

யார் கடைசியில்

நான் தங்கிய ஏழு நாளும் காலையில் நடந்தது ஒன்றுதான். பரோந்தா கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனால்தான் ருசி. அதனால் ஒருத்தர் கல் முன்னால் நின்றே ஆகணும். முதலில் மாமனார், அப்புறம் கணவர், கொழுந்தன், பிள்ளைகள், விருந்தாளியான நான், பீஜி. "இன்னொண்ணு சூடா" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். பாபி சாப்பிடும்போது மணி பத்தரை. கடைசி உருண்டைக்குப் பூரணம் இருக்காது, வெறும் மாவைத் திரட்டி, ஊறுகாயோடு நின்றுகொண்டே சாப்பிடுவார். நம்ம வீட்டுத் தோசைக்கும் இதுதானே கதை என்று நான் சொன்னபோது, பாபி தோசையைப் பற்றி மட்டும் விசாரித்தார். மற்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அதே ஊர் குருத்வாராவில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மாவு பிசைகிறார்கள், ரொட்டி தட்டுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். லங்கர் என்கிற அந்தப் பொதுச் சமையலில் யாரும் யாருக்கும் சமைக்கலாம், எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடணும். அங்கே சேவை. வீட்டில் அது மருமகள் வேலை. ஏன் என்று பீஜியிடம் பாபி மூலமாகக் கேட்டேன். பீஜி சிரித்துவிட்டு, தன் மாமியார் காலத்தில் தான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார். அது பதில் இல்லை, ஆனாலும் நான் அதைக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி.

கடைசி நாள் எனக்குத் தோன்றியது ஒரு சின்ன யோசனை. ஆறு பேருக்கு வேண்டியதை உருட்டி, பாதி வேக்காட்டில், எண்ணெய் இல்லாமல் எடுத்துத் துணியில் போட்டு வைத்துவிட்டால், எல்லாரும் ஒன்றாக உட்காரும்போது ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் கல்லில் போட்டு நெய் தடவி எடுத்துக்கொள்ளலாம். ருசியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பாபி செய்து பார்த்தார். மாமனார் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார்!

அதற்கப்புறம் எப்போதாவது போனில் பேசுவோம். 2020 நவம்பரில் வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்களே, அந்த வீட்டுக்காரரும் சிங்கு எல்லைக்குப் போய்விட்டார். மாறி மாறிப் பல மாதம் அங்கே டிராக்டர் டிரெய்லரில் வாசம். 2021 ஜனவரி 18-ஆம் தேதியைப் பெண் விவசாயிகள் தினமாக அங்கே நடத்தியபோது பாபியும் போயிருந்தார். அங்கே போய்ப் பார்த்தால், இவர் கணவர் மாவு பிசைந்து பரோந்தா சுட்டுக்கொண்டிருக்கிறார்! போராட்டம் முடிந்து 2021 டிசம்பரில் ஊர் திரும்பிய பிறகு அந்தக் கை என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்றாரு. ஒண்ணுகூட வட்டமா வராது. உப்பை முன்னாடியே போட்டுடறாரு, எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை" என்றார். குரலில் சந்தோஷமா சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு மட்டும் எட்டரைக்கே சாப்பிட்டுவிடுகிறாராம்.

சில சின்ன விஷயங்கள் விட்டுப்போச்சு. கிழங்குப் பூரணம் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும், காலையில் கட்டிக்கொடுத்ததை மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிடணும். ரயில் பயணத்துக்குப் பூரணம் இல்லாத வெறும் பரோந்தாவும் ஊறுகாயும்தான் சரி. ரேஷனில் வாங்கிய கோதுமையை மில்லில் கொடுக்கும்போது, சலிக்காமல் நைசாக அரைக்கச் சொல்லுங்க. குருணையாக இருந்தால் திரட்டும்போது ஓரம் வெடிக்கும். பூரணம் மீந்தால் கடலைமாவில் தோய்த்துப் போண்டா போட்டுவிடலாம். மாவு மீந்தால் இருக்கவே இருக்கிறது சப்பாத்தி.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு நான் துருவியும் பூரிக்கட்டையும் கொண்டு வருகிறேன். கிழங்கு வேகவைத்து ஆறவிட்டு எடுத்து வருவது கேள்வி கேட்ட அக்காவின் பொறுப்பு. உப்பு என் கையில் இருக்கும்.